வாயில் ஒரு மடக்குத் தண்ணீர்

பாலக்கரையில் வந்து கலையரசன் வீடு எங்கே என்று கேட்டால் ஆளாளுக்கு விழிப்பார்கள். ‘பாட்டு கேளுங்க’ கலை என்றால் பஜ்ஜிக்கடைக்காரர் கரண்டியை நீட்டி வழி காட்டுவார். உள்ளூர் கேபிள் டிவியில் வருஷக்கணக்காக, சாயங்காலம்தோறும் சிரித்த முகமாகப் போன் எடுத்துப் பாட்டுப் போட்ட மனுஷன் அவர்.

அந்த வேலையில் ஒரே ஒரு குற்றம்தான் உண்டு, பேசாமல் இருப்பது. போன் பண்ணியவர் கொஞ்சம் தயங்கினால் போதும், கலையரசன் புகுந்துவிடுவார். காட்டூரா, வீட்டில் எல்லாரும் சௌக்கியமா, பொண்ணுக்குப் பிறந்தநாளா, அடடே சந்தோஷம் என்று கேள்வியும் அவரே, பதிலும் அவரே. அந்தப் பக்கம் இருப்பவருக்கு ‘ஆமாங்க’ சொல்வதைத் தவிர வேறு ஜோலி கிடையாது. ஊரே அதை ரசித்தது, நானும்தான் ரசித்தேன். சும்மா சொல்லக்கூடாது, குரல் அப்படி.

ஜனங்கள் டிவியை விட்டுச் செல்போனுக்குப் போனார்கள், சேனலை மூடினார்கள். கலையரசன் அசரவில்லை. மாடி அறையில் பழைய மெத்தையைச் சுவரோடு சாத்தி, இரண்டு மைக் வாங்கி வைத்து, செல்போனில் கேட்கிற மாதிரி பாட்காஸ்ட் தொடங்கிவிட்டார். ஊரில் உள்ள சாதாரண ஆட்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து அவர்கள் வாழ்க்கையைப் பேசவைப்பது. ஒரு ஸ்கேன் சென்டரில் ரிசப்ஷன் வேலை பார்க்கும் மனைவி சுபஸ்ரீ, வீட்டுக்கு வந்ததும் பதிவான பேச்சை வெட்டி ஒட்டிக் கொடுப்பாள்.

கேட்க வந்தவர்கள் கொஞ்ச நேரத்திலேயே ஓடிப்போனார்கள். மைக் சரியில்லை என்றார் கலையரசன், மின்விசிறி சத்தம் என்றார், இந்தக் காலத்தில் எவனுக்குப் பொறுமை இருக்கிறது என்றும் சொல்லிப் பார்த்தார். தன் வாயை மட்டும் அவர் சந்தேகப்படவே இல்லை.

இதற்கிடையில் சுபஸ்ரீயின் அண்ணன் தர்மராஜ், தன்னுடைய டைல்ஸ் கடையில் பில் போடும் நாற்காலி காலியாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார். நல்ல மனுஷன், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் கலையரசனுக்கு மைக்கை விட மனசில்லை. சாப்பிட உட்காரும்போதெல்லாம், “நான் கடைக்குப் போயிட்டா உனக்கு நிம்மதியாயிடும்ல சுபா?” என்பார். அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே “ம்” என்பாள். அந்த ‘ம்’மைக் கேட்டுக் கேட்டு மனுஷன் பாதி ஆளாகிவிட்டார். கடைசியில் தானே ஒரு முடிவுக்கு வந்தார். இன்னும் ஒரே ஒரு பேட்டி. அதுவும் தேறவில்லை என்றால் டைல்ஸ் கடை.

அந்தப் பேட்டிக்கு வந்தவர் அமிர்தம். காட்டூரில் லேடீஸ் ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு மெஸ் நடத்துகிறவர். புருஷன் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட, தனியாக அடுப்பைப் பற்றவைத்து ஊன்றி நின்றவர். கலையரசன் அவரை மாடியில் உட்காரவைத்து, புருஷன் போனபோது இடிந்து போயிருப்பீர்களே, இரவெல்லாம் அழுதிருப்பீர்களே, பிறகு வைராக்கியம் வந்திருக்குமே என்று உருகி உருகிக் கேட்டார். அமிர்தம் எல்லாவற்றுக்கும் ஆமாங்க என்று சொல்லிவிட்டு, காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்கு அதை வெட்ட உட்கார்ந்த சுபஸ்ரீ, ஹெட்போனைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

“அந்தம்மா இதுல பேசவே இல்லைங்க. அவங்க கதையை நீங்கதான் அவங்களுக்குச் சொல்லிக்கிட்டு இருக்கீங்க.”

கலையரசனுக்குச் சுருக்கென்றது. கோபம்கூட வந்தது. ஆனால் ஹெட்போனை மாட்டிக் கேட்டபோது, தன் குரலுக்கு நடுவே ஆமாங்க, ஆமாங்க என்று அந்த அம்மாள் ஒண்டிக்கொண்டு கிடந்ததைக் கேட்டு அவருக்கே வெட்கமாகிவிட்டது. சும்மா இருக்க எனக்கு வராதே சுபா, என்ன செய்ய என்றார். அவள் ஒரு வைத்தியம் சொன்னாள். பதில் தெரியாத கேள்வியாகச் சின்னதாக ஒன்று கேட்க வேண்டும். கேட்டதும் வாய் நிறையத் தண்ணீர் எடுத்துக்கொள்ள வேண்டும். அவங்க முடிக்கும்வரை விழுங்கக் கூடாது.

அமிர்தத்திடம் கெஞ்சிக் கூத்தாடி இன்னொரு நாள் வாங்கினார். மத்தியானப் பந்தி முடிந்த பிறகு மெஸ்ஸிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. சுபஸ்ரீயும் அரைநாள் லீவு போட்டுக்கொண்டு வந்து ஓரமாக உட்கார்ந்தாள். மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, கலையரசன் நாக்கு நுனிவரை வந்த ‘இடிஞ்சு போயிருப்பீங்களே’யை அடக்கிக்கொண்டார்.

“அவர் போன அன்னைக்கு என்ன பண்ணீங்க அக்கா?”

கேட்டதும் டம்ளரைக் கவிழ்த்துக்கொண்டார்.

மீதியையும் இவரே சொல்லுவார் என்று அமிர்தம் காத்திருந்தார். இவர் கன்னம் உப்ப உட்கார்ந்திருந்தார். குழாயடியில் பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் வந்தது. கலையரசனுக்கு உயிர் போய் உயிர் வந்தது. விழுங்கிவிடலாமா என்றுகூட நினைத்தார். அப்போதுதான் அமிர்தம் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு பேசினார்.

“கதவைத் தாழ் போட்டுட்டுத் தூங்கினேன் தம்பி. பால்காரர் வந்து தட்டினப்பதான் முழிச்சேன். வண்டி சத்தம் எப்ப கேட்கும், எந்தக் கோலத்துல வருவாரோன்னு பயந்துக்கிட்டே படுத்தவ நான். அன்னைக்குத்தான் நிம்மதியாத் தூங்கினேன்.”

அப்புறம் பேச்சு நிற்கவில்லை. துக்கம் விசாரிப்பது மாதிரி சொந்தக்காரர்கள் தொட்டியத்திலிருந்தெல்லாம் வந்தார்களாம். எப்படித் துடிச்சியோ என்று கட்டிக்கொண்டு அழுதார்களாம். அவ்வளவு தூரம் பஸ் பிடித்து வந்தவர்களை ஏமாற்றக் கூடாதே என்று இவரும் முந்தானையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாராம். உள்ளே சிரிப்புத்தான் வந்ததாம்.

“எப்படி இருந்துச்சுன்னு ஒருத்தரும் கேட்கலை. இப்படித்தான் இருந்திருக்கும்னு சொல்லிட்டுப் போனாங்க. நீங்களும்தான் போன தடவை சொன்னீங்க.”

கலையரசனுக்குப் புரை ஏறிவிட்டது. தண்ணீர் மைக் மேலெல்லாம் சிதறியது. அமிர்தம் எழுந்து வந்து அவர் உச்சந்தலையில் தட்டி, யாரோ நெனைக்கிறாங்க போலிருக்கு என்று சொல்லிச் சிரித்தார். மனசில் இருந்ததை இறக்கி வைத்தவர் சிரிக்கும் சிரிப்பு அது. இதை வெளியே போடலாமா அக்கா என்று இருமலுக்கு நடுவே கேட்டார் கலையரசன். தாராளமாப் போடுங்க, அவரும் கேட்கட்டும் என்றார் அமிர்தம்.

அந்த இருமலை சுபஸ்ரீ வெட்டவில்லை. இந்த முறை ஜனங்கள் கடைசிவரை கேட்டார்கள். எங்க வீட்டிலும் இப்படித்தாங்க என்று பெண்கள் போன் பண்ணிப் பேசினார்கள். கலையரசன் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டார்.

ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது தர்மராஜிடமிருந்து போன் வந்தது. அப்புறம் பேசுறேன் மச்சான் என்று வைத்துவிட்டு, மனைவியைப் பார்த்தார்.

“நான் கடைக்குப் போறதைப் பத்தி நீ என்ன நெனைக்கிறே சுபா?”

கேட்டுவிட்டு டம்ளரை எடுத்து வாய் நிறையத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். சுபஸ்ரீ ரசக் கரண்டியைப் பாத்திரத்திலேயே விட்டுவிட்டு அவரையே பார்த்தாள்.

“நீங்க அங்க போகணும்னு நான் ஒரு நாளும் நெனைக்கலைங்க. எனக்கு நிம்மதியாயிடும்னு நீங்கதான் தினமும் சொல்லிக்கிட்டு இருந்தீங்க.”

கலையரசன் தண்ணீரை மெதுவாக விழுங்கினார். இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்து என்று தட்டை நீட்டினார்.