மஞ்சள் கவுனின் நாலு பட்டன்

முன்பக்கம் நாலு பட்டன் வைத்த மஞ்சள் கவுன் அது. மேல் பட்டனைப் பாப்பா தானாகவே போட்ட அன்று, கல்மண்டபம் பகுதியில் அக்கா குடியிருக்கும் சந்து முழுக்கக் கேசரி போனது. பாப்பாவுக்கு அப்போது ஒன்பது வயது. ஒன்பது வயதில் ஒரு பட்டனுக்கா கேசரி என்று முகத்துக்கு நேரே கேட்க அங்கே ஆளில்லை. அக்காவின் வாய் அப்படி. தம்பியான நானும் கேட்கவில்லை. பாப்பா எழுந்து நின்றபோது சுண்டல், "ம்மா" என்றபோது பாயசம். மற்ற வீடுகளில் காது குத்துக்குச் செய்வதை அக்கா இவற்றுக்குச் செய்தாள்.

பாப்பா அக்கா பெற்ற பிள்ளை அல்ல. கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்து, காப்பகத்திலிருந்து கைக்குழந்தையாகத் தத்தெடுத்தது. இரண்டு வயதாகியும் உட்காரவில்லை. மூளை வளர்ச்சி குறைவு என்றார் மருத்துவர். வேண்டாமென்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார்கள் காப்பகத்தில். "இன்னா, காசிமேட்ல வாங்கினு வந்த மீனா, கெட்டுப்போச்சுன்னு திருப்பிக் குடுக்க?" என்று கேட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள் அக்கா. பகலெல்லாம் இறால் உரித்து வெடித்துப்போன விரல்களால், மாலையில் பாப்பாவின் விரலைப் பிடித்துப் பட்டன் போடப் பழக்கினாள். அந்த ஒரு பட்டனுக்கு மூன்று வருடம் ஆனது.

அடுத்த வருடம் அக்கா புருஷன் இறந்துபோனார். அரசு உதவித்தொகைதான் இனிப் பிடிமானம். அதற்குப் பாப்பாவின் மாற்றுத்திறனாளி சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அதற்கான மருத்துவ முகாமில் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைப் பாடினார்கள்: பிள்ளை நன்றாகச் செய்துகாட்டினால் குறைபாட்டுச் சதவீதத்தைக் குறைத்துவிடுவார்கள், பணம் நின்றுவிடும். நான் துறைமுகப் பக்கம் ஒரு கிடங்கில் குமாஸ்தா. காகித விஷயத்தில் வீட்டில் என் பேச்சுதான் பேச்சு. "உள்ள போனா பாப்பாவ ஒண்ணும் செய்ய வுடாதக்கா. இன்னிக்கி ஒரு நாள்தான?" என்றேன்.

மருத்துவர் ஒரு பலகையை மேசைமேல் வைத்தார். அதில் துணியும் பட்டனும் தைக்கப்பட்டிருந்தன. பாப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினாள். அக்கா அந்தக் கையை மேசைக்கு அடியில் இழுத்து அழுத்திப் பிடித்தாள். விளையாட்டு என்று நினைத்தாளோ என்னவோ, பாப்பா மறுபடியும் நீட்டினாள். அக்கா கிள்ளினாள். பிறகு மருத்துவரைப் பார்க்காமல், "அதுக்கு வராது சார்," என்றாள்.

சான்றிதழ் கிடைத்தது. உதவித்தொகையும் மாதாமாதம் வருகிறது. ஆனால் முகாமுக்கு மறுநாளிலிருந்து பாப்பா பட்டனைத் தொடவே இல்லை. அக்கா கெஞ்சிப் பார்த்தாள், மிட்டாய் காட்டிப் பார்த்தாள், ஒரு நாள் அடித்தும் விட்டாள். அடித்துவிட்டு அவள்தான் அழுதாள். கிள்ளியது அவள் கை என்றாலும் சொல்லிக்கொடுத்தவன் நான். இதை யாரிடம் சொல்லி ஆறுவது என்று எனக்குத் தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். பாப்பாவுக்கு இப்போது பதினோரு வயது. அக்கா புதுக் கவுனை மாட்டிவிட்டு, "போடு கண்ணு, மாமா பாக்கட்டும்," என்றாள். பாப்பா இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டாள். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "வராது சார்," என்றாள். அத்தனை தெளிவாக அவள் அதுவரை எதையும் சொன்னதில்லை.