பின்பக்கம் தாழாத லாரி

இன்று உப்பளத்தில் ஒரு வாக்குவாதத்தில் ஜெயித்துவிட்டு வந்திருக்கிறேன். ஊருக்கெல்லாம் சொல்லியே ஆகவேண்டும்.

சேசையா அண்ணாச்சி எழுபதுகளிலிருந்து உப்பு லாரிகளில் லோடு ஏற்றுகிறவர். வண்டியின் பின்பக்கம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று பார்த்தே எடையைச் சொல்லிவிடுவார்.

நான் ஓட்டும் புது லாரியிலோ பாரத்தைத் தாங்க அடியில் இரும்புப் பட்டைகளுக்குப் பதில் காற்றுப் பைகள். பாரம் ஏற ஏறக் காற்றும் கூடி வண்டியை நிமிர்த்திவிடும். அச்சில் எவ்வளவு பாரம் என்பதை மீட்டர்தான் சொல்லும்.

"வண்டி தாழவே இல்லையே. இன்னும் போடுங்கலே!" என்று லோடு ஆட்களிடம் சொன்னார் அண்ணாச்சி.

"போதும் அண்ணாச்சி. மீட்டர் முள்ளு சிவப்பைத் தொட்டுட்டு."

"ஏளா, மீட்டருக்கு உப்பைப் பத்தி என்ன தெரியும்?"

நான் வண்டியை எடுத்துவிட்டேன். துறைமுக வாசல் எடைமேடையில் பாரம் சரியாக இருந்தது. நேராக உள்ளே போனேன். எனக்குப் பின்னால், இதே மாதிரி வண்டியில், அண்ணாச்சி கண்ணளவில் ஏற்றி அனுப்பிய லோடு, பாரம் அதிகம் என்று வாசலோடு திரும்பிவிட்டது!

அடுத்த நடைக்குப் போனபோது அண்ணாச்சி என் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு சுமந்துட்டும் எப்படிளா இது நிமிர்ந்து நிக்கி?"

அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் போன். "ராத்திரி அக்கா குடும்பத்தோட வாரா. வந்து சமைச்சிருதியா?"

"மீட்டர் முள்ளு சிவப்பைத் தொட்டுட்டுங்க. பரோட்டா வாங்கிருங்க."

வாங்கிவிட்டார். உங்கள் வீட்டு முள் எங்கே நிற்கிறது?