அட்டைக்கடியும் 0.05உம்

படிப்பு முடிந்து ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்த முதல் வருடம், தெஹியோவிட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் அட்டைக்கடி எண்ணினேன். பால்வெட்டும் பெண்களில் பாதிப் பேருக்கு அட்டை அண்டாமலிருக்கக் காலில் பூசும் மூலிகை எண்ணெய், மீதிப் பேருக்கு வெறும் தேங்காயெண்ணெய். போத்தலும் மணமும் ஒரே மாதிரி. மத்தியானம் அவர்கள் பால் நிறுக்கும் கொட்டகையான மடுவத்துக்கு வரும்போது, ஒவ்வொருவர் காலிலும் புதுக் கடிகளை எண்ணி எழுதிக்கொள்வேன்.

பொருளுண்மை மட்டம் 0.05, அதாவது பி-பெறுமானம் அதற்குக் கீழே வந்தால்தான் வித்தியாசம் உண்டென்று கொள்வது என்று தொடங்கும் முன்பே எழுதி வைத்திருந்தேன். ஆறு வாரத் தரவையும் சேர்த்துப் பார்த்தபோது மூலிகை எண்ணெய் பூசியவர்களுக்குக் கடி சற்றுக் குறைவு. ஆனால் பி-பெறுமானம் 0.05ஐத் தாண்டியிருந்தது. எண்ணெய்களுக்குள் வித்தியாசமே இல்லாவிட்டாலும் இந்த அளவு இடைவெளி தற்செயலாக வருவது அப்படியொன்றும் அபூர்வமல்ல என்பதே அதன் பொருள்.

கொழும்பிலிருந்த மேலதிகாரி தொலைபேசியில் சொன்னார்: "வாரம் வாரமாப் பிரிச்சுப் பாருங்க. எதிலயாவது வரும்."

வந்தது. நான்காம் வாரம் மட்டும் 0.05க்குக் கீழே. எனக்கும் சந்தோஷம்தான். அந்த வாரத்தை முன்னால் வைத்து அறிக்கை எழுதினேன்.

மறுநாள் போத்தல்களைத் திரும்ப வாங்கப் போனபோது பால்வெட்டும் அக்கா ஒருவர் கேட்டார்.

"மிஸ், இந்த எண்ணெய் நல்லதுங்களா? இனிமே அட்டைக்குச் சோப்பு பூசுறத விட்டுடலாங்களா?"

அறிக்கைப்படி ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு தடவை பார்ப்பதற்குப் பதில் ஆறு தடவை பார்த்தால், இல்லாத ஒன்று இருப்பதுபோல் அகப்படும் வாய்ப்பு கூடும். அது எனக்கு முதல் நாளே தெரியும்.

"இன்னும் தெரியலை அக்கா."

"தெரியலையா? ஆறு கிழமையா எங்க காலைத்தானே பாத்துக்கிட்டு இருந்தீங்க!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது.

"உதவுதுன்னும் சொல்ல முடியல, உதவலைன்னும் சொல்ல முடியல. இன்னும் நெறைய பேர வச்சுப் பாக்கணும்."

"அப்ப அதையே எழுதுங்களேன்," என்றார் அவர்.

அவிசாவளை பஸ்ஸில் உட்கார்ந்து அறிக்கையைத் திருத்தினேன். ஆறு வாரங்களும் அதில் இருந்தன. மேலதிகாரி அதை இரண்டு நாள் வைத்திருந்தார். பிறகு அப்படியே அனுப்பிவிட்டார்.

அடுத்த மழைக்கு எஹலியகொடைப் பக்கம் பல மடங்கு பேரை வைத்து வேறொரு குழு அதே எண்ணெயைப் பரிசோதித்தது. பி-பெறுமானம் எல்லைக்கு வெகு கீழே. வித்தியாசம் இருப்பது ஓரளவு உறுதியாயிற்று. ஆனால் அதன் அளவு, ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு கடிகூட இல்லை.

அந்த அக்காவிடம் நேரில் போய்ச் சொன்னேன்.

"வேலை செய்யுது அக்கா. ஆனா ரெண்டு மூணு நாளைக்கு ஒரு கடிதான் கொறையும்."

"அதுக்கு எதுக்குங்க எண்ணெய்?" என்று கேட்டுவிட்டுப் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு தராசுப் பக்கம் போனார்.