மாமா வண்டியின் மிச்ச ஒயர்

ஆன்டெனா ஒயரை வெட்டக் கூடாது. வண்டிகளுக்கு ரேடியோ மாட்டுகிற என் தொழிலில் எல்லோரும் இதைத்தான் சொல்வோம். மிச்சமிருப்பதை வளையமாகச் சுருட்டி, டேப்பால் இறுக்கி, டேஷ்போர்டுக்குப் பின்னால் கிடைத்த சந்தில் திணித்துவிடுவோம். கண்ணில் படாவிட்டால் வேலை முடிந்தது.

மாமாவின் மினி பஸ்ஸிலும் அப்படித்தான் திணித்திருந்தேன். அவர் என் அக்கா வீட்டுக்காரர். சிதம்பரத்துக்கும் குமராட்சிக்கும் இடையே வண்டி ஓட்டுகிறார். அக்கா குடும்பத்துக்கு அதைவிட்டால் வேறு வருமானம் கிடையாது.

"ரேடியோ கீய்யின்னு கத்துது மச்சான்" என்று அவர் போன் செய்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஓசியில் மாட்டிக்கொடுத்ததற்கு இந்தப் பேச்சு வேறா? கடலூரில் கடையைப் பூட்டிவிட்டுப் போனேன்.

சத்தம் இருந்தது உண்மை. இன்ஜின் வேகம் ஏற ஏற அதுவும் ஏறியது. பேட்டரி ஒயரோடு ஆன்டெனா ஒயரையும் ஒரே கட்டாகக் கட்டியிருந்தேன். அவிழ்த்து, மிச்சத்தை அகலமாக மடித்து, பேட்டரி ஒயரின் பக்கமே போகாமல் இடது கதவோரம் கொண்டுபோய்க் கட்டினேன். சுத்தமாகிவிட்டது. செய்தி வாசிப்பவர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது.

"இப்ப எப்படி மாமா?"

"கொறைஞ்சிருக்கு. ஆனா முழுசா போவல."

மறுபடியும் போன். ஒயரை மாற்றினேன், ஸ்பீக்கரை மாற்றினேன். "போவல மச்சான்." குறை சொல்லாவிட்டால் இந்த மனுஷனுக்குச் சோறு இறங்காது என்று அக்காவிடமே சொன்னேன். அக்கா சிரிக்கவில்லை. வண்டியைக் கிளப்பச் சொல்லி கண்டக்டர் விசில் ஊதாமல் பக்கத் தகரத்தைத் தட்டுவதைப் பார்த்துவிட்டு, "விசில தொலைச்சிட்டியா?" என்று கேட்டேன். அவரும் மழுப்பிவிட்டார்.

கடைசியாகப் போன அன்று சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இன்ஜினை அணைத்துவிட்டு, ரேடியோவையே கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். ஒயர்கள் வெறுமனே தொங்கின. மாமா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி எதிரே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத நிறுத்தேன் மச்சான். மண்டைய கொடையுது."

வண்டியில் இன்ஜின்கூட ஓடவில்லை. அவர் திரும்பினார். என் மடியில் இருந்த ரேடியோவை வெகுநேரம் பார்த்தார்.

"டாக்டர பாக்கலாம் மாமா" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. கத்திச் சொன்னேன்.

"பாத்தாச்சி. இனிமே சரியாவாதுன்னுட்டாரு. ரேடியோவாதான் இருக்கும்னு நெனைச்சிக்கிட்டிருந்தேன்." ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டே, "ஓட்டாம என்னா பண்றது, சொல்லு" என்றார்.

நான் பிடுங்கிப்போட்டுத் திரும்ப மாட்டக்கூடிய ஒயர் எதுவும் அவர் காதில் இல்லை. குமராட்சிக்குப் போகிற ஜனம் ஏறி உட்கார்ந்திருந்தது, மடியில் பிள்ளைகளோடு. பின்னாலிருந்து கண்டக்டர் பழக்க தோஷத்தில் இரண்டு விசில் ஊதினார்.

மாமா அசையவில்லை. பிறகு கண்டக்டர் தட்ட, பக்கத் தகரம் அதிர்ந்தது. அவர் சாவியைத் திருப்பினார்.