அவரைச் சாலில் மூன்று குட்டிகள்

உத்தனப்பள்ளியில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டின் பின்கதவைத் திறந்தால் வீட்டுக்கார அக்காவின் ராகிக் கொல்லை. இந்தப் பக்கத்தில் ராகியை மட்டும் தனியாக விதைப்பதில்லை. உழுத வரிசையைச் சால் என்பார்கள்; சில சால் ராகிக்கு ஒரு சால் அவரை விடுவார்கள். ராகியை அறுத்த பிறகும் அவரை நின்று பூத்துக் காய்க்கும். நடுவில் அவரை நிற்பதால் அறுவடை இயந்திரம் இறங்க முடியாது. அரிவாளால்தான் அறுக்க வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் அறுத்துக்கொண்டிருந்தார்கள். வானம் மூடியிருந்தது. அறுத்த ராகி நனைந்தால் கதிரிலேயே முளைவிட்டுவிடும் என்பதால் அக்கா விடிந்ததிலிருந்து ஆட்களை விரட்டிக்கொண்டிருந்தார். என் கணவருக்கு ஆலையில் விடுமுறை. அவர் திருநெல்வேலிக்காரர், ராகியைப் பயிராகப் பார்த்ததே இங்கு வந்த பிறகுதான். சும்மா இருக்க முடியாமல் ஒத்தாசைக்குப் போனார். அரிவாள் கைக்கு வரவில்லை. அறுத்துப் போட்டதை வரிசையாக அடுக்கும் வேலையைக் கொடுத்தார்கள்.

அவர் வேலை செய்வது வாகன உதிரிபாகம் செய்யும் இடம். அங்கே தரையில் எது தனியாகக் கிடந்தாலும் அது இடம் தவறிய பொருள். கண்டவர் அதை எடுத்துப் பெட்டியில் சேர்க்க வேண்டும். எடுப்பதற்கு முன் ஒரு படம், எடுத்த பின் ஒரு படம். ‘பிஃபோர், ஆஃப்டர்’ என்பார்கள். அந்தப் பழக்கம் அவருக்குள் இறங்கிவிட்டது. எங்கள் சமையலறை அலமாரிக்கும் அப்படி இரண்டு படங்கள் அவருடைய கைபேசியில் உண்டு.

முற்பகலில் தக்காளி அடுக்கும் பிளாஸ்டிக் கிரேட் ஒன்றைத் தூக்கிக்கொண்டு பின்கதவில் வந்து நின்றார். உள்ளே அவருடைய துண்டு. துண்டின்மேல் மூன்று முயல்குட்டிகள். ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு. உடம்பெல்லாம் காய்ந்த புல்லின் நிறத்தில் மயிர், கண்கள் திறந்திருந்தன, காதுகள் முதுகோடு ஒட்டியிருந்தன. ஒன்றும் அசையவில்லை. மூக்கு மட்டும் துடித்தது.

“தாய் விட்டுட்டுப் போயிருச்சு. ஒண்ணு இங்க, ஒண்ணு அங்கன்னு தனித்தனியா கெடந்துச்சு. நாந்தான் ஒண்ணு சேத்தேன். பால் காய்ச்சு” என்றார்.

பின்னாலேயே அறுவடைப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். “மூணையும் சேத்தாலும் ஒரு வாய்க்கு ஆவாது. இதுக்குப் போய் துண்டு விரிச்சிருக்காரு பாரு” என்றார் ஒருவர். மற்றவர்கள் சிரித்தார்கள். என் கணவர் சிரிக்கவில்லை.

நாளிதழில் வேலை செய்த காலத்தில், மாடுகளுக்கு வந்த நோய் பற்றிய ஒரு செய்திக்காகக் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் பேசியிருந்தேன். அவருடைய எண் இன்னும் என்னிடம் இருந்தது. பாலை அடுப்பில் வைக்குமுன் அவரை அழைத்தேன்.

“பால் மட்டும் குடுத்துடாதீங்கம்மா. மாட்டுப்பால் அதுக்கு ஒத்துக்காது, செத்துப்போயிடும்” என்றார். “காயம் இருக்கா?”

இல்லை என்றேன்.

“அப்ப எடுத்த எடத்துலயே கொண்டுபோய் விடுங்க. நம்ம காட்டு முயல் கூடு கட்டாது. குட்டிங்களைத் தனித்தனியாத்தான் படுக்க வெக்கும். ஒண்ணு நாய் வாயில மாட்டினாலும் மத்தது பொழைக்குமில்ல? பகல்ல பக்கத்துலயே வராது. இருட்டினப்புறம் வந்து பால் குடுத்துட்டுப் போயிடும்.”

“மனுஷங்க கைபட்டா தாய் சேத்துக்காதுன்னு சொல்றாங்களே?”

“கைபட்டதுக்கு ஒதுக்காது. நீங்க அங்கேயே சுத்திக்கிட்டிருந்தாத்தான் வராது. நாயைக் கட்டிப்போடுங்க. காயம்பட்டிருந்தா, தாய் செத்துட்டது நிச்சயமா தெரிஞ்சா, வனத்துறைக்குச் சொல்லுங்க. வீட்டுல வெச்சு வளக்கக் கூடாது, சட்டப்படி தப்பு.”

கைபேசியின் ஒலிபெருக்கியில் கணவரும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகம் சிறுத்துவிட்டது. கிரேட்டைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு நடந்தார். நானும் போனேன்.

கொல்லை வேறாக இருந்தது. அவர் குட்டிகளை எடுக்கும்போது நின்றுகொண்டிருந்த ராகியை அதற்குள் அறுத்துவிட்டார்கள். எங்கு பார்த்தாலும் ஒரே மாதிரி ராகித்தாள், ஒரே மாதிரி வரிசை. “இங்கதான்” என்றார். நாலடி நடந்து, “இல்ல, அந்தச் சால்” என்றார். பிறகு கிரேட்டைக் கீழே வைத்தார். தாய் வந்து தேடும் இடம் ஒன்று, நாங்கள் வைக்கும் இடம் இன்னொன்று என்றானால் மூன்றும் பசியில் போய்விடும். அது இருவருக்கும் தெரிந்தது.

“எடுக்குறதுக்கு முன்னாடி படம் எடுத்தீங்களா?” என்று கேட்டேன்.

எடுத்திருந்தார். குட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு ‘பிஃபோர்’.

படத்தில் முகங்களை விட்டுவிட்டு ஓரங்களைப் பார்ப்பது என் பழைய வேலையின் ஒரு பகுதி. படம் எங்கே எடுத்தது என்று ஓரங்கள்தான் காட்டிக்கொடுக்கும். பெரிதாக்கிப் பார்த்தோம். முதல் படத்தின் மூலையில் இரண்டாகப் பிளந்த கல். இரண்டாவதில் அறுந்த சொட்டுநீர்க் குழாயின் முனை. மூன்றாவதில் கிளை ஒடிந்து தொங்கும் அவரைச் செடி. ராகி போயிருந்தாலும் கல்லும் குழாயும் செடியும் அங்கேயே இருந்தன. ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, துண்டால் பிடித்து, குட்டியைப் படத்தில் இருந்தபடியே படுக்கவைத்தோம்.

அக்கா அரிவாளோடு வந்தார். வீட்டில் தெலுங்கு, ஆட்களிடம் கன்னடம், எங்களிடம் தமிழ் என்று பேசுபவர். விஷயத்தைச் சொன்னேன்.

“நாளைக்கு என் அவரைய திங்கிறதுக்கு இன்னிக்கே ஆள் சேக்குறீங்களா?” என்றார். குனிந்து ஒரு குட்டியைப் பார்த்தார். அறுத்த ராகித்தாளில் ஒரு கை அள்ளி, காக்கை கண்ணில் படாதபடி அதன் மேல் சாய்த்து வைத்தார். பிறகு மேகத்தைப் பார்த்தார்.

அந்தப் பக்கத்து ராகியை அன்று மாலைக்குள் கட்டிப் போர் போடுவதாக இருந்தது. அக்கா பெண்களைக் கூப்பிட்டுக் கன்னடத்தில் ஏதோ சொன்னார். அவர்கள் அறுத்ததை அப்படியே விட்டுவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே கொல்லையின் மறுகோடிக்குப் போனார்கள்.

“அக்கா, மழை வந்தா?” என்றார் கணவர்.

“வந்தா நனையும். நீ போ தம்பி, இங்க நின்னுக்கினு இருந்தா அது எப்பிடி வரும்? ஏம்மா, இவரக் கூட்டிக்கினு போ.”

தன் வீட்டு நாயைத் தானே இழுத்துப்போய் வாசல் பக்கம் கட்டினார்.

மாலையில் பின்பக்க விளக்கை நாங்கள் போடவில்லை. கணவர் சாப்பிட உட்கார்ந்து, பாதியில் எழுந்துவிட்டார். “நல்லாத்தான கெடந்துச்சு. நான் ஏன் தொட்டேன்?” என்று ஒருமுறை சொன்னார். ஓட்டின் மேல் தூறல் விழுகிறதா என்று இருவரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம். மழை வரவில்லை.

விடிந்ததும் பின்கதவைத் தட்டியது அக்காதான். “சத்தம் போடாம வாங்க.”

அவரைச் செடிகளில் அசுவினிப் பூச்சி விழாமலிருக்க அக்கா அடுப்புச் சாம்பல் தூவியிருந்தார். செடியில் ஒட்டாதது சாலின் ஓரமாகத் தரையில் படிந்திருந்தது. அந்தச் சாம்பலில் தடங்கள் தெரிந்தன. முன்னால் நீளமாக இரண்டு, பின்னால் சின்னதாக இரண்டு. பிளந்த கல்லிலிருந்து குழாய் வரை போய், அங்கிருந்து திரும்பியிருந்தன. பெரிய தடங்களின் பக்கத்தில், விரல் நுனியால் தொட்டது போல, குட்டித் தடங்களும் இருந்தன.

நாங்கள் வைத்த இடங்கள் காலி. கணவர் கண்ணாலேயே சால் முழுவதையும் தேடினார். அக்கா அவர் தோளைத் தட்டிக் காட்டினார். ஒடிந்த செடிக்குச் சற்றுத் தள்ளி, வாடிய இலைகளுக்கு அடியில் ஒரு குட்டி. வயிறு உருண்டையாக இருந்தது. மற்ற இரண்டையும் நாங்கள் தேடவில்லை. மூவரும் வந்த வழியே பின்வாங்கினோம்.

அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. சொல்லத்தான் செய்தேன். “ராகி நனைஞ்சிருந்தா வந்து சொல்லு, அப்ப பாக்கலாம்” என்றார். அந்தப் பக்கத்து ராகியை மறுநாள்தான் கட்டினார். அதுவரை வானம் மூடியே இருந்தது; ஒரு துளிகூட விழவில்லை. அதற்கும் நான் யாருக்கோ நன்றி சொல்லிக்கொண்டேன்.

மார்கழியில் அவரை முற்றியது. ஒரு காலைப்பொழுதில் அக்கா முந்தானையில் காய்களைக் கொண்டுவந்து எங்கள் முறத்தில் கொட்டினார். கூடவே, நுனி கடித்த கொடி ஒன்றையும் மேலே வைத்தார்.

“உங்க பிள்ளைங்க தின்னது போவ மிச்சம்” என்றார்.

அந்தக் கொடியை என் கணவர் நெடுநேரம் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஊறவைத்த அவரைக்கொட்டைகளை உட்கார்ந்து பிதுக்கித் தோலெடுத்துக் கொடுத்தவரும் அவர்தான். அன்று எங்கள் வீட்டில் ராகிக்களியும் பிதுக்குப்பருப்புக் குழம்பும். முதல் கிண்ணம் அக்கா வீட்டுக்குப் போனது.