சகலை காரின் கியர் ஆயில்

என் சகலை பழைய ஆட்டோமேட்டிக் கார் ஒன்று வாங்கிய நாளிலிருந்து எனக்கு வயிற்றெரிச்சல். மறைப்பானேன்? செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஆயில் கடை வைத்திருப்பவன் நான். மாமியார் வீட்டில் கார் வைத்திருந்த ஒரே மாப்பிள்ளையும் நான்தான். அந்த மரியாதை ஒரே மாதத்தில் கைமாறிவிட்டது.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். என் மனைவிக்கு இடது முழங்கால் வலி. என் காரில் கிளட்ச் மிதிக்க முடியாமல் பாதியில் விட்டவள், கிளட்சே இல்லாத அவன் வண்டியில் இரண்டே ஞாயிற்றுக்கிழமையில் ஓட்டக் கற்றுக்கொண்டாள். மாமியார் ஊர் மேல்சித்தாமூரிலிருந்து செஞ்சி வரை அவள் ஓட்ட, பக்கத்தில் சகலை, பின்சீட்டில் நான். அவள் அப்படிச் சிரித்துப் பேசி நான் பார்த்து வருஷக்கணக்காகியிருந்தது. எனக்குத் தாங்கவில்லை.

சில வாரத்தில் அந்த வண்டி கியர் மாறும்போது உதறத் தொடங்கியது. சகலை கடைக்கு ஓட்டிவந்தான். கியர்பாக்ஸ் ஆயிலை மாற்ற இரண்டு வழி சொல்கிறார்களாம். விழுப்புரத்தில் ஒரு பட்டறையில் மெஷின் வைத்துப் பழையதை முழுக்கத் தள்ளிவிட்டுப் புதிது ஏற்றுவார்கள். உள்ளூர் மெக்கானிக்கோ, கீழே திறந்தால் வடிகிற அளவை மட்டும் மாற்றி, கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு மறுபடி மாற்றலாம் என்கிறாராம். எது நல்லது என்று என்னைக் கேட்டான்.

ஆயில் குச்சியை உருவி முகர்ந்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் கறுத்து, தீய்ந்த வாடை அடித்தது. பல வருஷம் ஆயில் மாற்றாத கியர்பெட்டி. மெஷினில் அலசினால் அடியில் படிந்த கசடெல்லாம் கிளம்பிப்போய் உள்ளே அடைத்துக்கொள்ளலாம். கொஞ்சம் கொஞ்சமாக வடித்து மாற்றுவதுதான் நிதானம். முன்பின் தெரியாதவர்கள் வந்து கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

“மெஷின்லயே பண்ணிடு. ஒரேடியா சுத்தமாயிடும்” என்றேன்.

“நீங்க சொன்னா சரிண்ணா” என்று போனான்.

விழுப்புரத்தில் மெஷின் வைத்து மாற்றிய அடுத்த வாரம், என் மனைவி ஓட்டிக்கொண்டு வரும்போது நடுரோட்டில் இன்ஜின் இரைந்ததே தவிர வண்டி நகரவில்லை. கியர்பாக்ஸ் போய்விட்டது. எப்படியும் போயிருக்கக்கூடிய பெட்டிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சகலை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளையும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தவள் சாப்பிடவில்லை. “நான் ஓட்டித்தான் கெட்டுப்போச்சி. எனக்கெல்லாம் எதுக்கு காரு? இனிமே தொட மாட்டேன்” என்றாள்.

உன்னால் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் வேறு யாரால் என்று கேட்பாள். நான் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன்.