கந்தோரடியில் நின்றவர்

எங்கள் தெரு மூலையிலுள்ள பழைய தபால் நிலையத்தைக் கண்டாலே எனக்கு வயிறு எரிகிறது. இப்போது உள்ளே இடித்துக் குடியிருப்பு வீடுகள் கட்டுகிறார்கள். வெளிச்சுவரை மட்டும் பாரம்பரியம் என்று விட்டுவைத்திருக்கிறார்கள்.

முப்பதுகளின் பஞ்ச காலத்தில், வேலையில்லாமல் தெருவில் நின்றவர்களுக்குக் கூலி கொடுப்பதற்காக அரசாங்கம் கட்டிய கட்டடமாம். சாம்பல் நிறக் கல், ஆளுயரத்துக்கு மேற்பட்ட ஜன்னல்கள், வாசலுக்கு மேலே செதுக்கிய கிரீடம், உள்ளே பித்தளைக் கம்பி போட்ட நீண்ட மேசை. பஞ்சத்தில் இவ்வளவு மிடுக்கு எதற்கு என்று நான் கேட்பேன். "வேறை வேலை இல்லாதவன்தானே ஆறுதலாச் செதுக்குவான்," என்பார் என் மனுசன்.

பிரெஞ்சு பேசும் இந்த நகரத்துக்கு வந்த புதிதில் அவருக்கும் வேலை இல்லை. குளிருக்கு அதற்குள்தான் போய் ஒதுங்குவார். ஒருநாள் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். "இஞ்சேரப்பா, இவங்களும் கந்தோர் எண்டுதான் சொல்லுறாங்கள்!" அங்கே வேலை செய்த பெண் மேசையைக் காட்டி 'கொந்துவார்' என்றிருக்கிறாள். அது மேசையைத்தான் குறிக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்டால்தானே! ஊரில் தபால் நிலையத்தைத் தபால் கந்தோர் என்று சொல்லி வளர்ந்தவர். அன்றிலிருந்து அவருக்குக் கொந்துவார் என்றால் அந்தக் கட்டடம்தான்.

பிறகு அதைப் பூட்டினார்கள். தபால் வேலையெல்லாம் அடுத்த தெரு மருந்துக்கடையின் மூலையில் போட்ட ஒரு மேசைக்குப் போனது. அந்தக் காலத்தில்தான் எங்கள் ஒரே மகள் தான் விரும்பியவனோடு போனாள். மனுசன் அவளோடு கதைப்பதை விட்டார். இரண்டு பேருக்கும் ஒரே பிடிவாதம். நடுவில் கிடந்து வெந்தது நான்.

போன மாசியில் ஒரு காலை தொலைபேசியை அவரே எடுத்தார். மகள்தான் என்று தெரிந்ததும் நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றேன். "ஓம் பிள்ளை... ஓம். கந்தோரடிக்கு வாறன்," என்றார். வைத்துவிட்டு நல்ல சேர்ட்டைத் தேடினார். "நீ வராதை. நான் தனியப் போய்க் கதைக்கிறன்."

பின்னேரம் திரும்பி வந்தபோது தொப்பியெல்லாம் பனி. பூட்டிய கதவின் படியிலேயே இவ்வளவு நேரமும் நின்றிருக்கிறார். "அவள் வரேல்லையப்பா," என்றார். நான் மகளுக்குப் போன் எடுத்துப் பார்த்தேன். அவள் எடுக்கவில்லை.

அந்தக் கிழமை முடியுமுன்னே மாரடைப்பு வந்து மனுசன் போய்விட்டார்.

செத்தவீட்டுக்கு மகள் வந்து ஒதுங்கி நின்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. "அந்தக் குளிருக்கை அவரை நிக்க வைச்சிட்டு ஏன் பிள்ளை வராமல் விட்டனி?"

"நான் வந்தனான் அம்மா. கொந்துவாரடிக்கு வாங்கோ எண்டுதானே அப்பாட்டைச் சொன்னனான்? மருந்துக்கடையிலை, தபால் கொந்துவாருக்கு முன்னாலை மத்தியானம்வரைக்கும் நிண்டனான். வாறன் எண்டு சொல்லிப்போட்டு அப்பாதான் வரேல்லை. அந்தக் கோபத்திலைதான் போனையும் எடுக்கேல்லை."

அவளுடைய கையைப் பிடித்தேன்.

"வந்தவர் பிள்ளை," என்றேன். "கந்தோரடியிலை நிண்டவர்."